இரண்டு ரயில்களுக்கு நடுவே

காட்பாடி ஜங்ஷனின் கால அட்டவணையை
ஆய்வகச் சுவரில் ஒட்டியவர் முனீர் பாஷா.
சரக்கு வண்டிகள் அதில் இல்லை.
அவற்றை அவர் உள்ளங்காலால் அறிவார்.
நிலவறைத் தரையில் வெறுங்காலோடு நின்று
"போகட்டும் மேடம், நிலக்கரி" என்பார்.
கண்ணாடிகளைச் சுமக்கும் மேசை அப்போது
ஒரு முடியின் பத்தில் ஒரு பங்கு அசையும்.
எங்களுக்கு அது பூகம்பம்.

வண்டி கடந்ததும் நான்கு நிமிடம் கிடைக்கும்.
அதற்குள் சுட வேண்டும்.

வெளியே நூற்றுப் பத்து, ஃபாரன்ஹீட்டில்.
உள்ளே இருபத்தொன்று, செல்சியஸில்.
குளிரூட்டும் தண்ணீர் காலையில் லாரியில் வந்தது.
பாலாற்று மணலைத் தாண்டித்தான் வந்தது.

எங்கள் ஊரைக் கேலி செய்ய ஒரு பட்டியல் உண்டு:
ஆறுண்டு, நீரில்லை.
கோட்டையுண்டு, அரசனில்லை.
மலையுண்டு, மரமில்லை.
கோயிலுண்டு சாமியில்லை என்றும் இருந்தது;
சாமி திரும்பி வந்ததால் அடித்துவிட்டார்கள்.
காலியான அந்த இடத்தில்
நான் எழுதிக்கொண்டேன்:
அலையுண்டு, தண்ணீரில்லை.

பிரிசில்லாவின் அம்மா கேட்டார்,
அப்படி என்னதான் செய்கிறீர்கள் அங்கே?
ஆற்காடு ரோட்டில் ஆம்புலன்ஸ் வரும்போது பாருங்கள் என்றேன்.
பூக்கடைக் கூட்டம், தள்ளுவண்டி, பைக் எல்லாம்
இரண்டு பக்கமும் பிதுங்கி ஒதுங்கும்.
அது போனதும் பின்னால் மூடிக்கொள்ள ஓடிவரும்.
மூடுவதற்குள் ஒரு ஆட்டோ
ஆம்புலன்ஸின் வாலைப் பிடித்துப் பறக்குமே,
அந்த ஆட்டோதான் எங்களுக்கு வேண்டும்.

ஆம்புலன்ஸ் என்பது லேசர்.
கூட்டம், ஹீலியத்திலிருந்து உரித்தெடுத்த எலக்ட்ரான்கள்.
நகராமல் நிற்கும் கடைகள், கனத்த அயனிகள்.
மொத்தச் சாலையும் இரண்டு மில்லிமீட்டர்.
அந்த இரண்டு மில்லிமீட்டரில் ஆட்டோ எடுக்கும் வேகத்துக்கு
பழைய முறையில் ஒரு தெரு நீளக் குழாய் வேண்டும்.

ஆட்டோ நேராகப் போகுமா?
இடம் வெட்டும், வலம் வெட்டும்.
ஒவ்வொரு வெட்டிலும்
ஒரு சொட்டு எக்ஸ்ரே முன்னால் சிந்தும்.

அவர் சிரித்தார். பிறகு கேட்டார்,
ஆஸ்பத்திரிக்கு உதவுமா?
எல்லோரும் கேட்பது.
லாட்ஜ் வாசல்களில் பழுப்பு உறையோடு
வங்காளத்தில் பேசிக்கொண்டு நிற்பவர்களை
தினமும் கடந்துதான் வீடு போகிறேன்.
தெரியவில்லை என்றேன்.
அது ஒன்றுதான் நான் சரியாக அளந்த விடை.

பதினோரு வருடமாக இந்த ஒளியோடு வேலை.
ஒருமுறைகூட நான் அதைப் பார்த்ததில்லை;
கண்ணுக்குத் தெரியாத சிவப்பு.
அது வாயுவைத் தொடும் இடத்தில்
கேமராவில் ஊதாவாய் ஒரு புள்ளி.
'ட்டிக்' என்று ஒரு சத்தம்,
பல்லி சொன்னது போல.

நேற்று பதினாறு ஷாட் வீண்.
அட்டையில் ஒட்டியிருந்த சிலந்தி
எங்கோ உதிர்ந்துவிட்டது.
தேட நேரமில்லை, பெங்களூர் வண்டிக்கு ஆறு நிமிடம்.
முனீர் பாஷா மகளின் நிச்சயதார்த்தத்துக்கு
ஆற்காட்டிலிருந்து வந்த மக்கன் பேடா
மேல்மாடியில் இருந்தது.
பிரிசில்லா ஒன்றைப் பிய்த்து
உள்ளேயிருந்து ஒரு வெள்ளரி விதையை எடுத்து
துடைத்து, டேப்பில் ஒட்டி, ஓடி வந்தாள்.

வாசலைப் பூட்டினோம்.
முனீர் பாஷா செருப்பைக் கழற்றினார்.
ட்டிக்.

திரையில் மெல்ல எழுந்தது
விதையின் விளிம்பு, கூந்தல் இழை போல.
தோலுக்குள் இரண்டு பருப்பு.
முனையில், யாரோ பிரிக்க மறந்த கடிதம் போல,
முளை.
எண்ணெயில் பொரிந்து, பாகில் ஊறி,
இனி எந்த மண்ணிலும் எழாத முளை.
அதன் மடிப்புகள் கலையாமல் இருந்தன.

யாரும் கைதட்டவில்லை.
பிரிசில்லா விரலை நக்கிக்கொண்டிருந்தாள்.
"இன்னொன்று எடுப்போமா" என்றேன்.
முனீர் பாஷா தரையைப் பார்த்தபடி
கையை உயர்த்தினார்:

பொறுங்கள்.
வருகிறது.